வெயிலில் இலை இழப்பது என்ன?
ஒளிச்சுவாசமும் நமது சிறுபோக வெள்ளாமையும்

கச்சான் தொடங்கி மூன்று நான்கு நாள் ஆகியிருந்தது. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வட்டைக்குள் வரம்பில் நின்றிருந்த மாமா ஒருவர் தன் வயலைக் காட்டி என்னிடம் கேட்டார்:

"மகன், நீங்க விஞ்ஞானம் படிச்ச ஆக்கள்தானே, இதச் சொல்லுங்க பாப்பம். வயல்ல தண்ணி நிக்கிது. வெயில் நல்லா எறிக்கிது. பசளையும் போட்டாச்சி. பொறகு என்னத்துக்கு இந்தப் பயிர் இந்த நேரத்துல இலையச் சுருட்டிட்டு நிக்கிது?"

நல்ல கேள்வி. தண்ணீர், வெளிச்சம், பசளை மூன்றும் இருந்தால் பயிர் வளரத்தானே வேண்டும்? வெயில் கூடக்கூட உணவாக்கமும் கூடத்தானே வேண்டும்? நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இலையின் உள்ளே நடக்கும் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. வரவு நடக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், ஒரு செலவும் நடக்கிறது. வெப்பமும் வறட்சியும் கூடும்போது அந்தச் செலவு வரவைவிட வேகமாகக் கூடுகிறது. அதன் பெயர்தான் ஒளிச்சுவாசம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சொல்லைப் பாடமாக்குகிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். தன் வாப்பாவின் வயலிலேயே ஒவ்வொரு நாளும் அது நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும் முயற்சி.

பெயரால் வரும் குழப்பம்

சுவாசம் என்றவுடன் நமக்கு நினைவு வருவது ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுவது. தாவரமும் அப்படிச் சுவாசிக்கிறது. இரவிலும் பகலிலும், வேர், தண்டு, இலை எல்லாவற்றிலும் அது நடக்கிறது. வெல்லத்தை எரித்துச் சக்தியைப் பெறுவதுதான் அந்தச் சுவாசத்தின் வேலை. அது இல்லாமல் பயிர் உயிர்வாழாது.

ஒளிச்சுவாசம் வேறு. இதிலும் ஒட்சிசன் உள்ளே போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. பெயர் ஒன்றுபோல வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் இது பச்சை இலையில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் நடக்கிறது. இதனால் பயிருக்குச் சக்தி கிடைப்பதில்லை. இருக்கும் சக்தியும் செலவாகிறது. சாதாரண சுவாசத்தை அடுப்பெரித்துச் சோறாக்குவதற்கு ஒப்பிட்டால், ஒளிச்சுவாசம் கொண்டுவந்த அரிசியில் ஒரு பங்கு வழியிலேயே கொட்டிப்போவதைப் போன்றது. கொட்டியதைப் பொறுக்கி எடுக்கவும் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு பேருக்கும் கதவு திறக்கும் நொதியம்

இந்தச் சிதறலுக்குக் காரணம் றூபிஸ்கோ என்ற ஒரு நொதியம். இலையின் பச்சையவுருமணிகளுக்குள் இருக்கும் இதுதான் வளியிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து உணவாக்கும் வழியில் சேர்க்கிறது. நாம் உண்ணும் சோறு, ரொட்டி, மாடு தின்னும் புல் எல்லாவற்றிலுமுள்ள காபன் ஒரு காலத்தில் இந்த நொதியத்தின் கையால் பிடிக்கப்பட்டதுதான். உலகில் மிக அதிகமாகக் காணப்படும் புரதம் இதுவென்று சொல்வார்கள். அவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம், இது மிகவும் மந்தமான வேலையாள். பல நொதியங்கள் ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கையாளும்போது, பயிர்களின் றூபிஸ்கோ ஏறத்தாழ மூன்றை மட்டுமே முடிக்கிறது. ஆகவே எண்ணிக்கையால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. நெல்லிலையிலுள்ள நைதரசனில் நான்கிலொரு பங்களவு இந்த ஒரு புரதத்துக்குள்ளேயே கிடக்கிறது. நாம் போடும் யூரியாவில் கணிசமான பங்கு போய்ச்சேரும் இடம் இதுதான்.

இதன் அடுத்த குறை, ஆள் தெரியாமல் கதவு திறப்பது. காபனீரொட்சைட்டு வந்து நின்றால் அதை எடுக்கிறது. ஒட்சிசன் வந்து நின்றால் அதையும் எடுக்கிறது. ஐந்து காபன் கொண்ட ஒரு வெல்லப் பொருளுடன் காபனீரொட்சைட்டைச் சேர்த்தால், மூன்று காபன் கொண்ட பொருள் இரண்டு கிடைக்கிறது. அது நேராக உணவாக்கத்துக்குப் போகிறது. ஒட்சிசனைச் சேர்த்தாலோ, மூன்று காபன் பொருள் ஒன்றும் இரண்டு காபன் பொருள் ஒன்றும் வருகின்றன. இந்த இரண்டு காபன் பொருள் நேரடியாகப் பயன்படாதது மட்டுமல்ல, தேங்கி நின்றால் இலைக்கு நஞ்சாகவும் மாறும்.

அதை மீட்டெடுக்க இலை பெரிய சுற்றுப்பயணம் ஒன்றை நடத்துகிறது. பச்சையவுருமணியிலிருந்து பேரொட்சிசோமுக்கு, அங்கிருந்து இழைமணிக்கு, மறுபடி பேரொட்சிசோமுக்கு, கடைசியில் பச்சையவுருமணிக்கு. கலத்துக்குள் மூன்று வெவ்வேறு கூடங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. இரண்டு காபன் பொருள் இரண்டு போனால், மூன்று காபன் பொருள் ஒன்று திரும்பி வருகிறது. நான்கு காபனில் மூன்று மீட்கப்பட்டு, ஒன்று இழைமணியில் காபனீரொட்சைட்டாகத் தப்பிப் போய்விடுகிறது. கூடவே ஒரு அமோனியாவும் விடுபடுகிறது. அதைத் திரும்பப் பிடிக்கவும் சக்தி வேண்டும். இதுதான் நாம் மேலே சொன்ன பொறுக்கும் கூலி.

இந்த நொதியம் ஏன் இப்படி? றூபிஸ்கோ தோன்றிய காலம் மிகப் பழையது. அப்போது பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் இல்லையென்றே சொல்லலாம். காபனீரொட்சைட்டு நிறைய இருந்தது. ஆளை இனங்காண வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்றோ வளியில் ஒட்சிசன் 21 வீதம். காபனீரொட்சைட்டு 0.04 வீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்நூறுக்கு ஒன்று. இந்த நெரிசலுக்குள்ளும் றூபிஸ்கோ பெரும்பாலும் சரியான ஆளையே பிடிக்கிறது என்பதுதான் உண்மையில் வியப்பு. பழி சொல்லுமுன் அதையும் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த கதை

1920இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க், பச்சைப் பாசியைச் சுற்றி ஒட்சிசனைக் கூட்டினால் அதன் ஒளித்தொகுப்பு குறைவதைக் கண்டார். காரணம் தெரியவில்லை. 1955இல் ஜோன் டெக்கர் புகையிலை இலையை ஆராய்ந்தபோது வேறொன்றைப் பார்த்தார். விளக்கை அணைத்த உடனே இலையிலிருந்து காபனீரொட்சைட்டு ஒரு சில நிமிடம் அதிகமாக வெளிவந்து, பிறகு வழமைக்குத் திரும்பியது. உணவாக்கம் விளக்கோடு நின்றுவிட்டது. ஆனால் வெளிச்சத்தில் தொடங்கிய ஏதோ ஒரு சுவாசம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மோட்டரை நிறுத்தியபின் குழாயில் மிச்சத் தண்ணீர் வருவதைப் போல.

இரண்டு அவதானிப்புக்கும் விடை 1971இல் கிடைத்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் போஸ், ஒக்ரென், ஹேகெமன் மூவரும், காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் அதே நொதியம்தான் ஒட்சிசனையும் பிடிக்கிறது என்று காட்டினார்கள். கள்வன் வெளியிலிருந்து வரவில்லை, காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெப்பம் ஏறும்போது

இனிச் சூழலுக்கு வருவோம். ஒளிச்சுவாசத்தை முதலில் கூட்டுவது வெப்பம். அது இரண்டு வழியால் வேலை செய்கிறது.

ஒன்று, கரைதிறன். வாயுக்கள் இலைக் கலத்தின் ஈரத்தில் கரைந்தபின்தான் நொதியத்தை அடைய முடியும். சுடுநீரில் வாயு குறைவாகவே கரையும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் வெப்பநிலை ஏறும்போது காபனீரொட்சைட்டின் கரைதிறன் ஒட்சிசனின் கரைதிறனைவிட வேகமாகக் குறைகிறது. அதனால் கலத்துக்குள் ஒட்சிசனின் பங்கு கூடுகிறது.

இரண்டாவது, நொதியத்தின் குணம். சூடு கூடக்கூட றூபிஸ்கோ வேகமாக வேலை செய்தாலும் ஆளை இனங்காணும் திறன் குறைகிறது. அவசரப்பட்டவன் கை தவறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எண்ணில் பார்ப்போம். நெல், கோதுமை போன்ற பயிர்களின் இலைக்குள் வழமையாக இருக்கும் அளவுகளை வைத்துப் பருமட்டாகக் கணக்கிட்டால், 25 பாகை செல்சியஸில் றூபிஸ்கோ மூன்று முறை காபனீரொட்சைட்டைப் பிடிக்கும்போது ஒரு முறை ஒட்சிசனைப் பிடிக்கிறது. பிடித்த காபன் நூறில் 16 அளவு ஒளிச்சுவாசத்தால் வெளியே போகிறது. 35 பாகையில் இரண்டுக்கு ஒன்று என்றாகிறது. நூறில் 26 போய்விடுகிறது. இடையிலுள்ள வித்தியாசம் பத்து பாகை மட்டுமே. நமது கீழ்க்கரையில் சிறுபோகத்தின் பகல் வெப்பம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வயலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரும் காற்றும்

அடுத்தது தண்ணீர். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. இலைவாய்கள் என்போம். காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் ஒரே வாயிலால்தான். கதவைத் திறந்து வைத்தால் உணவுக்கான காபன் வரும், ஆனால் தண்ணீர் போகும். கதவைச் சாத்தினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் காபன் வராது.

கதவு சாத்திய இலைக்குள் என்ன நடக்கும்? உள்ளே இருந்த காபனீரொட்சைட்டு செலவாகிக் குறைந்துகொண்டே போகும். ஒட்சிசனோ வளியில் ஐந்திலொரு பங்கு இருப்பதால் குறையாது. நொதியத்தின் முன்னால் ஒட்சிசனின் கூட்டம் பெருகும். அதே 35 பாகையில், இலைவாய்கள் ஓரளவு மூடி உள்ளேயுள்ள காபனீரொட்சைட்டு மூன்றிலொரு பங்கு குறைந்தால், நூறில் 26 ஆக இருந்த இழப்பு ஏறத்தாழ 40 ஆகிவிடும். வெப்பமும் வறட்சியும் சேரும்போது ஒன்றையொன்று பெருக்குகின்றன.

இங்கேதான் மாமாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. "தண்ணி நிக்கிது" என்றார். உண்மை, மண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் இலை கதவைச் சாத்துவதற்கு மண்ணின் வறட்சி மட்டும் காரணமல்ல, காற்றின் வறட்சியும் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்குப் பக்கம் இறங்கும்போது சூடேறி வருகிறது. அதுதான் நமது கச்சான். அது இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேகத்துக்கு நெல்லின் வேரும் தண்டும் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே வயலில் தண்ணீர் நிற்கும்போதே நடுப்பகலில் இலைவாய்கள் சுருங்குகின்றன; இலை சுருண்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. நெல்லில் காலையில் ஒளித்தொகுப்பு உச்சத்துக்கு ஏறி நடுப்பகலில் தளர்வதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பயிர் சும்மா நிற்பதாக நமக்குத் தெரிகிறது. உள்ளேயோ ஒளிச்சுவாசம் மும்முரமாக ஓடுகிறது.

உப்பும் இதே வழியில்தான் தீமை செய்கிறது. களப்போரக் காணிகளில் உப்பு ஏறினால், தண்ணீர் இருந்தும் வேரால் அதை இலகுவாக எடுக்க முடியாது. இலை வறட்சியில் நிற்பதைப் போலவே நடந்துகொள்ளும்: இலைவாய்கள் மூடும், உள்ளே காபனீரொட்சைட்டு குறையும், ஒளிச்சுவாசத்தின் பங்கு கூடும். 2004 கடல்கோளுக்குப் பிறகு உப்பேறிய வயல்களில் பயிர் செய்தவர்களுக்கு, தண்ணீருக்குள் நின்றபடி பயிர் வாடும் காட்சி புதிதல்ல.

வெளிச்சத்தின் பங்கு சற்று வேறு. வெளிச்சம் கூடினால் ஒளித்தொகுப்பும் ஒளிச்சுவாசமும் இரண்டும் கூடும். தண்ணீர் தாராளமாக இருந்து இதமான வெப்பம் நிலவினால் அதில் நட்டமில்லை. இலைவாய்கள் மூடிய நேரத்தில் கடும் வெயில் விழுவதுதான் பிரச்சினை.

இரண்டு விடயங்களை இதோடு கலந்துவிடக் கூடாது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுச் சப்பி விழுவது வேறு பாதிப்பு. இரவு வெப்பம் கூடினால் பயிர் இரவுச் சுவாசத்தில் அதிகம் எரித்துவிடுவது இன்னொன்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வொன்று, வரண்ட போகத்தில் இரவின் வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது விளைச்சல் பத்து வீதம் குறைந்ததாகக் கூறியது. இவை மூன்றும் ஒரே வெப்பத்தின் மூன்று அடிகள். ஆனால் விழும் இடம் வேறு. சிறுபோகம் சறுக்கிய எல்லாவற்றுக்கும் ஒளிச்சுவாசத்தைப் பழி சொல்வது சரியல்ல.

ஒரே வட்டையில் தப்பிக்கொள்பவை

பயிர் வாடி நிற்கும் அதே வெயிலில், நெற்சப்பி தலை நிமிர்ந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மேட்டு நிலத்தில் கோரைக்கிழங்கும் அறுகம்புல்லும் கருகாமல் பரவுவதை? சேனையில் சோளனும் குரக்கனும் இறுங்கும் வெயிலைப் பொருட்படுத்தாமல் நிற்பதை? இவற்றோடு கரும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் நான்கு காபன் தாவரங்கள் என்ற வகுப்பைச் சேர்ந்தவை. நெல், தென்னை, தேயிலை, வாழை, மா, பயறு, கௌபி எல்லாம் மூன்று காபன் தாவரங்கள்.

நான்கு காபன் தாவரங்களிலும் அதே றூபிஸ்கோதான் இருக்கிறது. ஆனால் அதை வாசலில் வைக்காமல் உள்வீட்டில் வைத்திருக்கின்றன. வெளிக் கலங்களில் ஒட்சிசன் பக்கமே திரும்பாத வேறொரு நொதியம் காபனீரொட்சைட்டைப் பிடித்து, நான்கு காபன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சூழ்ந்துள்ள உட்கலங்களுக்குள் அனுப்புகிறது. அங்கே காபனீரொட்சைட்டு மறுபடி விடுவிக்கப்பட்டு றூபிஸ்கோவைச் சுற்றி அடர்த்தியாக நிற்கிறது. ஒட்சிசனுக்கு இடமே கிடைப்பதில்லை. கரும்பில் இந்த வழியைத் தெளிவாக்கியவர்கள் அவுஸ்திரேலியாவின் ஹட்ச், ஸ்லாக் ஆகிய இருவர், ஆண்டு 1966.

இந்த ஏற்பாட்டுக்கு மேலதிக சக்தி வேண்டும். அதனால் குளிரான, நிழலான இடத்தில் இவற்றுக்கு மேலான நன்மை இல்லை. வெயிலும் சூடும் உள்ள இடத்தில்தான் முதல் திரும்பி வருகிறது. தண்ணீரும் மிச்சமாகும்; ஏனென்றால் இலைவாயைக் கொஞ்சம் திறந்தாலே போதிய காபன் கிடைத்துவிடும்.

அன்னாசி, கற்றாழை போன்றவை வேறு வழி கண்டவை. இரவின் குளிர்ச்சியில் இலைவாயைத் திறந்து காபனைச் சேமித்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உணவாக்குகின்றன.

இரண்டு வகுப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பழைய பரிசோதனை உண்டு. சோளன் கன்று ஒன்றையும் சோயா கன்று ஒன்றையும் காற்றுப் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்றாக வைத்துத் தொடர்ந்து வெளிச்சம் கொடுக்க வேண்டும். காபனீரொட்சைட்டு குறைந்துகொண்டே வரும். பத்து இலட்சத்தில் 50 பங்குக்குக் கீழே போனதும் சோயா எடுப்பதைவிட இழப்பது அதிகமாகிவிடும். சோளனோ பூச்சியத்தை அண்டும் வரை எடுத்துக்கொண்டிருக்கும். சோயா ஒளிச்சுவாசத்தில் விடும் காபனைக்கூடச் சோளன் உறிஞ்சி வளரும். சில நாட்களில் சோயா வாடி இறந்துவிடும். நெல்லுக்கும் நெற்சப்பிக்கும் இடையே வட்டையில் நடப்பது இவ்வளவு கொடூரமானதல்ல. ஆனால் சூடான நாட்களில் களைக்கு ஒரு கை கூட இருக்கிறது என்பது உண்மை.

வெறும் நட்டம்தானா?

இவ்வளவும் வாசித்தவர் ஒளிச்சுவாசம் ஒரு வீண் செலவு, அதை நிறுத்திவிட்டால் நல்லது என்று நினைக்கலாம். விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1979இல் சொமர்வில், ஒக்ரென் இருவரும் ஒளிச்சுவாச வழி முறிந்துபோன சிறு செடிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். காபனீரொட்சைட்டு மிக அதிகமுள்ள கூட்டில் அவை செழிப்பாக வளர்ந்தன. சாதாரண காற்றுக்குக் கொண்டுவந்ததும் மஞ்சளாகி இறந்தன. றூபிஸ்கோ ஒட்சிசனைப் பிடிக்கும் வரை, அதனால் வரும் நச்சுப் பொருளைத் துப்புரவு செய்யும் இந்த வழி இல்லாமல் இலை வாழாது.

இன்னொரு பயனும் உண்டு. நடுப்பகலில் இலைவாய்கள் மூடியிருக்கும்போதும் வெயில் நிற்பதில்லை. பச்சையம் சக்தியை வாங்கிக்கொண்டே இருக்கும். செலவழிக்கக் காபன் இல்லை. அந்த மிகைச் சக்தி இலையின் உள்ளமைப்பையே எரித்துவிடும். அப்போது ஒளிச்சுவாசம் அந்தச் சக்தியைச் செலவழித்து ஒரு வான்கதவு போல நிற்கிறது. குளம் நிரம்பி வழியும்போது வான்கதவால் போகும் தண்ணீரைப் பார்த்து "ஐயோ வீணாப் போகுதே" என்கிறோம். ஆனால் அது திறக்காவிட்டால் கட்டு உடையும். மேலும், மண்ணிலிருந்து எடுக்கும் நைத்திரேற்றைப் புரதமாக மாற்றும் வேலைக்கும் ஒளிச்சுவாசம் கைகொடுக்கிறது என்பது அண்மைக்கால ஆய்வுகளில் தெரியவந்த விடயம்.

நெல்லும் தன்னாலான தற்காப்பைச் செய்துகொண்டிருக்கிறது. நெல்லிலைக் கலத்தின் சுவரோரம் முழுவதையும் பச்சையவுருமணிகள் ஒரு வேலி போல் அடைத்து நிற்கின்றன, இழைமணிகள் உள்ளே. இழைமணியில் விடுபடும் காபனீரொட்சைட்டு வெளியே போவதற்கு அந்த வேலியைத் தாண்ட வேண்டும். தாண்டுமுன் ஒரு பங்கு பிடிபட்டுவிடுகிறது.

காபனீரொட்சைட்டு கூடினால் நல்லதுதானே?

இந்த வாதம் இப்போது அடிக்கடி கேட்கிறது. கைத்தொழில் யுகத்துக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஒட்சிசனுக்கு எதிரான போட்டியில் அது காபனின் பக்கத்தைப் பலப்படுத்தும், ஒளிச்சுவாசம் குறையும், நெல்லுக்கு இலாபம். இதில் உண்மை இருக்கிறது. திறந்த வயலில் காபனீரொட்சைட்டைக் கூட்டிச் செய்த பரிசோதனைகளிலும் நெல் விளைச்சல் கூடியிருக்கிறது.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அதே வாயு பூமியைச் சூடாக்குகிறது. சூடு ஒளிச்சுவாசத்தைத் திரும்பக் கூட்டுகிறது. ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன சப்பியும் இரவுச் சுவாசமும் தனிக் கணக்கு. இன்னொன்றையும் 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது: கூடிய காபனீரொட்சைட்டில் விளைந்த நெல், கோதுமை மணிகளில் நாகமும் இரும்பும் குறைந்திருந்தன, புரதமும் குறைந்திருந்தது. மூன்று நேரமும் சோற்றை நம்பி வாழும் வீட்டில், மூட்டை கூடினாலும் சோற்றின் சத்துக் குறைந்தால் அதை இலாபம் என்று சொல்ல முடியுமா? ஏற்கெனவே இரத்தச்சோகையோடு இருக்கும் நமது பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டிய விடயம் இது.

திருத்த முயல்வோர்

ஒளிச்சுவாசத்தின் விலை எவ்வளவு? 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஒளிச்சுவாசத்தால் சோயா விளைச்சலில் 36 வீதமும் கோதுமையில் 20 வீதமும் இழக்கப்படுகின்றன. வெப்ப வலயத்தில் வளரும் நெல்லுக்கு இது சிறிய விடயமாக இருக்க முடியாது.

2019இல் இலினோய் ஆய்வாளர்கள் புகையிலைச் செடிக்குள் குறுக்கு வழியொன்றை அமைத்தார்கள். மூன்று கூடங்களைச் சுற்றிவரும் நீண்ட பயணத்துக்குப் பதிலாக, பச்சையவுருமணிக்குள்ளேயே வேலையை முடிக்கும் ஏற்பாடு. வயலில் அந்தச் செடிகள் ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாக வளர்ந்தன. வளர்ந்தது இலையும் தண்டும், தானியமல்ல என்பதை மறக்கக் கூடாது. நெல்லையே நான்கு காபன் தாவரமாக மாற்றும் முயற்சியும் 2008 முதல் நடைபெறுகிறது. இலையின் உடற்கட்டையே மாற்ற வேண்டியிருப்பதால் அது நீண்ட காலப் பணி. இயற்கையில் இந்த மாற்றம் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது என்பதே அவர்களின் நம்பிக்கை.

வரம்பில் நின்று பார்த்தால்

அந்த விதை வரும்வரை நாம் என்ன செய்யலாம்? றூபிஸ்கோவை மாற்ற நம்மால் முடியாது. அதைச் சுற்றியுள்ள நிலைமையைக் கொஞ்சம் மாற்றலாம்.

முதலாவது, காலம். கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்கு வட்டை முழுவதும் விதைத்து முடித்தால், குடலையும் கதிரும் கடும் கச்சானில் மாட்டுவதையும் கடைசித் தண்ணீருக்குத் தவிப்பதையும் ஓரளவு தவிர்க்கலாம். பத்து நாள் பிந்தும் ஒருவர் தன் பயிரை மட்டுமல்ல, தண்ணீர் முறையையும் குழப்புகிறார்.

இரண்டாவது, தண்ணீர். தண்ணீர் குறைந்த போகத்தில் எந்தப் பருவத்தில் சிக்கனம் பிடிப்பது என்பதே கேள்வி. குடலை முதல் பால் பிடிக்கும் வரை வயல் காயக் கூடாது. காற்றின் வறட்சியை நம்மால் தடுக்க முடியாது. மண்ணின் வறட்சியும் அதோடு சேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, களை. நெற்சப்பிக்கு வெயில் ஒரு கை கூட்டிக் கொடுக்கிறது என்று பார்த்தோம். சூடு ஏறுமுன், பயிர் இளமையாக இருக்கும்போதே அதை அகற்றிவிட வேண்டும்.

நான்காவது, பயிர்த் தெரிவு. வாய்க்காலின் கடைக்கோடியில், ஒவ்வொரு சிறுபோகமும் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கும் மேட்டுக் காணியில், நெல்லையே பிடிவாதமாகச் செய்ய வேண்டுமா? அதே தண்ணீரில் சோளனோ குரக்கனோ கூடுதலாக உணவு தரும். சந்தையும் விலையும் சரியாக அமைய வேண்டும்தான். அது விவசாயி தனியே தீர்க்கக்கூடிய விடயமல்ல. ஆனால் இலைக்குள் நடக்கும் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. தோட்டங்களின் காற்று வரும் பக்கத்தில் மரவேலி வைப்பதும், மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்குப் போடுவதும் சிறிய வேலைகள், பலன் தரும்.

மாமாவிடம் அன்று நான் இவ்வளவும் சொல்லவில்லை. "மாமா, வேர் குடிக்கிறதுக்குத் தண்ணி இருக்கு. ஆனா இந்தக் காத்து இலையிலரிந்து உறிஞ்சிற வேகத்துக்கு வேரால குடுக்க ஏலாது. அதனால இலை கதவச் சாத்திட்டு நிக்கிது. கதவச் சாத்தினா உள்ளுக்கு வரவு குறைஞ்சி செலவு கூடும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப, கடை பூட்டியிருந்தாலும் வாடகை ஓடிக்கிட்டுத்தான் இருக்கும் எண்டு சொல்லுறீங்க" என்றார்.

அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. சாயந்தரம் காற்றுத் தணிந்தபோது அதே இலைகள் விரிந்து நின்றன.